வட்டமா, புள்ளியா, நிற்கும் விதமா: ஜப்பானில் வில்லெடுத்துப் போட்டிக்குப் போக எந்த வழி?

நான் கியூடோ என்ற ஜப்பானிய வில்வித்தை பயிலும் தோஜோவின், அதாவது பயிற்சிக் கூடத்தின், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் நான்கு கட்டங்கள். அம்பு இலக்கில் தைத்தால் வட்டம், தப்பினால் பெருக்கல் குறி. நான் கலந்துகொண்ட முதல் உள்ளூர்ப் போட்டியில் என் பெயருக்கு எதிரே வட்டம், பெருக்கல், பெருக்கல், வட்டம் என்று விழுந்தது. முதல் வட்டம் இலக்கின் நடு வெள்ளையில் கச்சிதமாகத் தைத்த அம்பு. கடைசி வட்டம் மரச்சட்டத்தை உரசிக்கொண்டு, விளிம்பில் எப்படியோ உள்ளே புகுந்த அம்பு. பலகையில் இரண்டும் ஒரே வட்டம்தான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அலுவலக நண்பர் கேட்டார்: "என்ன அண்ணா, ரெண்டுக்கும் ஒரே மார்க்கா? அப்போ எதுக்கு நடுவுல அடிக்கணும்?"

அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து, "வில் கற்றுக்கொள்ளலாம், முடிந்தால் போட்டிக்கும் போகலாம், எதில் சேருவது?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்போது அந்தக் கேள்வியிலிருந்துதான் பதிலை ஆரம்பிக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கியூடோ ஒன்றுதான். உள்ளே வந்தால் போட்டியில் மூன்று தினுசு. 28 மீட்டரில் தைத்ததா இல்லையா என்று மட்டும் பார்ப்பது ஒன்று. 60 மீட்டரில் வண்ண வளையங்களுக்குப் புள்ளி கொடுப்பது இன்னொன்று. எப்படி நின்று எப்படி எய்தீர்கள் என்று நடுவர்கள் எடை போடுவது மூன்றாவது. நான்காவதாக, கியூடோவுக்கு வெளியே, ஜப்பானியர்கள் 'ஆச்செரி' என்று சொல்லும் ஒலிம்பிக் வில் இருக்கிறது. கியூடோ ஒலிம்பிக்கில் இல்லை. நிறையப் பேர் இதைச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

"கியூடோ தியானம் மாதிரி, அதில் போய்ப் போட்டி எதற்கு?" என்று ஒரு பேச்சு உண்டு. கியோத்தோவில் சன்ஜூசன்கென்தோ என்றொரு கோயில். அதன் நீண்ட தாழ்வாரத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்து, கூரையிலும் தூணிலும் படாமல் சுமார் 120 மீட்டர் தாண்டி மறுகோடிக்கு அம்பு விடும் போட்டி எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) பெரிய மானப் பிரச்சினை. 1686-இல் கிஷூ பகுதியின் வாசா தைஹாச்சிரோ ஒரே நாளில் 13,053 அம்புகள் விட்டார். அதில் 8,133 மறுகோடி சேர்ந்தன. நிமிடத்துக்கு ஒன்பது அம்பு, இருபத்து நாலு மணி நேரம்! இன்று நாங்கள் வலது கையில் மாட்டும் கையுறையின் கட்டைவிரல் கட்டைபோல் கெட்டியாக இருக்கும். அந்த அமைப்பே இந்தப் போட்டிகளின் காலத்தில், விரல் தாங்க வேண்டும் என்பதற்காக வளர்ந்தது என்பார்கள். போட்டி நேற்று வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் அல்ல. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஆறு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, எது எண்ணப்படுகிறது என்பது. மற்ற ஐந்தையும் விட இதற்கு எடை அதிகம். எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. நல்லதும் கெட்டதும் அங்கிருந்தே வரும்.

அடுத்து, முதல் போட்டிக்கு எத்தனை மாதம் ஆகும், கையைக் கடிக்கும் செலவு எவ்வளவு, பயிற்சி செய்ய இடம் பக்கத்தில் இருக்கிறதா, உங்கள் உடம்புக்கும் கைப்பழக்கத்துக்கும் ஒத்துவருமா, கடைசியாக, ஜப்பானை விட்டுக் கிளம்பினால் என்ன ஆகும். கடைசிக் கேள்வியைச் சேரும்போது யாரும் கேட்பதில்லை. விசா முடியும்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

## 28 மீட்டர்: கின்தெகி

கியூடோ என்றால் பெரும்பாலானோர் செய்வது இதுதான். இலக்கு 36 சென்டிமீட்டர் விட்டம். மரவளையத்தின் மேல் காகிதம் இழுத்து ஒட்டியது. மணல் மேட்டில், நடுப்புள்ளி தரையிலிருந்து 27 சென்டிமீட்டர் உயரத்தில், லேசாக மேல்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். நாம் எழுந்து நின்று எய்கிறோம், இலக்கோ முழங்காலுக்கும் கீழே இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது இவ்வளவு தாழ்வாகவா என்று தோன்றும். அம்பு தைத்தால் சின்ன மேளத்தில் ஒரு தட்டுத் தட்டியதுபோல் 'பட்' என்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடிமையானவர்கள் பல பேர், நானும்தான்.

எண்ணிக்கை ரொம்ப எளிது. சட்டத்துக்குள் தைத்தால் வட்டம். சட்டத்தின் வெளிப்பக்கத்தில் குத்தி நின்றால் கிடையாது. தரையில் சறுக்கிக்கொண்டுபோய் இலக்கில் ஏறினாலும் கிடையாது. அதற்கென்றே 'ஹாகியா', அதாவது தரை பெருக்கிய அம்பு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாணில் பூட்டிய பிறகு அம்பு நழுவிக் கீழே விழுந்தால் அந்த அம்பு போனது போனதுதான், எடுத்து மறுபடி எய்ய முடியாது. என் கை வியர்த்து இப்படி இரண்டு முறை விழுந்திருக்கிறது. அம்பு மரத்தரையில் உருளும் அந்தச் சின்னச் சத்தம் மொத்த மண்டபத்துக்கும் கேட்கும்.

ஒரு சுற்றுக்கு நான்கு அம்பு. நான்கும் தைத்தால் 'காய்ச்சூ'. மாணவர் போட்டிகளில் ஒவ்வொரு அம்பு தைக்கும்போதும் பின்னாலிருக்கும் தோழர்கள் "யோஷ்!" என்று கத்துவார்கள். பெரியவர்கள் போட்டியில் அதெல்லாம் இல்லை, கோயில்போல அமைதி. நான்கும் தைத்தால் கைதட்டுவார்கள். இந்தக் காய்ச்சூ எவ்வளவு கடினம் என்பதை ஒரு கணக்குச் சொல்லிவிடும். பாதிக்குப் பாதி தைக்கிறவருக்கு நான்கும் தைக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. பத்துக்கு எட்டு தைக்கிறவருக்குக்கூட அது 41 சதவீதம்தான். கேட்க லேசாக இருக்கும் "தைத்ததா இல்லையா" என்பது இப்படித்தான் ஆளைப் பிழிந்து எடுக்கும்.

குழுப் போட்டியில் மூன்று பேர் அல்லது ஐந்து பேர் வரிசையாக நின்று ஒருவர்பின் ஒருவராக எய்வார்கள். முதலில் நிற்பவர் 'ஓமாயே', கடைசியில் நிற்பவர் 'ஓச்சி'. முன்னால் நான்கு பேர் தப்பவிட்ட பிறகு ஓச்சியில் நின்று பார்த்தால்தான் அந்த இடத்தின் கனம் தெரியும். சமன் ஆனால் ஆளுக்கு ஓர் அம்பு. தப்பியவர் வெளியே, தைத்தவர் மறுபடி. இதற்கு 'இஸுமே' என்று பெயர். அப்படியும் இடங்கள் தீரவில்லை என்றால் 'என்கின்': எல்லோரும் ஒரே இலக்கில் ஓர் அம்பு எய்து, யாருடையது நடுவுக்கு அருகில் என்று பார்ப்பது. என் நண்பரின் கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைத்தது. கின்தெகியில் நடு என்பதற்கு மதிப்பு வரும் ஒரே இடம் இதுதான்.

இனி மறைவாக இருக்கும் விலை. முதலிடம் ஹயாகேவுக்கு. நாணை முழுதாக இழுத்து, அம்புத்தண்டு வாய்க்கோட்டுக்கு வந்ததும், சில நொடிகள் அசையாமல் விரிந்து நிற்க வேண்டும். அந்த நிலைக்குக் 'காய்' என்று பெயர். ஹயாகே வந்தவருக்கு அந்த நொடிகள் கிடையாது. இலக்கு கண்ணில் பட்டதும் கை தானாக விட்டுவிடும். "நில்" என்று மூளை சொல்லும், கை கேட்காது. எனக்கு இரண்டாவது வருடம் வந்தது. வந்தபோது தெரியவில்லை, காரணம் அம்புகள் தைத்துக்கொண்டிருந்தன. அவசரமாக விட்டாலும் வட்டம், நின்று விட்டாலும் வட்டம். பிறகு ஏன் உடம்பு காத்திருக்கப் போகிறது? சென்செய், அதாவது ஆசிரியர், ஒன்றும் சொல்லாமல் என்னை மாக்கிவாராவுக்கு அனுப்பிவிட்டார். மாக்கிவாரா என்பது வில்லின் நீளத் தூரத்தில் வைக்கும் வைக்கோல் உருளை. அங்கே குறி கிடையாது, தைக்காமல் போகவும் வழி கிடையாது. ஆறு மாதம் அந்த வைக்கோலோடு குடும்பம் நடத்தினேன். போட்டி வெறியோடு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்: இந்த நோய் திறமை இல்லாதவரைத் தேடி வருவதில்லை, தைக்க ஆரம்பித்தவரைத்தான் தேடி வரும்.

இரண்டாவது மறைவிலை, வேலை. இலக்கில் காகிதம் ஒட்டுவது, மணல் மேட்டுக்குத் தண்ணீர் தெளித்துத் தட்டிச் சீராக்குவது, புல் பிடுங்குவது, சிவப்புக் கொடியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு அம்பு பொறுக்கப் போவது. எய்த நேரத்தையும் இந்த வேலை நேரத்தையும் கணக்குப் போட்டால் இரண்டாவதே கூடுதலாக வரும். எனக்கு அது பிடிக்கும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிகிறவருக்குப் பிடிக்காது.

முதல் போட்டிக்கு ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்கள் ரப்பர் வில்லும் மாக்கிவாராவும்தான்.

## 60 மீட்டர்: என்தெகி

என்தெகிக்குப் பொதுவாக ஒரு மீட்டர் விட்ட இலக்கு. எத்தனை தைத்தது என்று மட்டும் எண்ணும் போட்டியும் உண்டு, புள்ளி எண்ணும் போட்டியும் உண்டு. புள்ளி என்றால் நடுத் தங்க நிறத்துக்கு 10, சிவப்புக்கு 9, நீலத்துக்கு 7, கறுப்புக்கு 5, வெள்ளைக்கு 3. ஜப்பானின் தேசிய விளையாட்டு விழாவில் கியூடோவுக்குக் கின்தெகி, என்தெகி இரண்டுமே உண்டு.

தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் கடினமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 மீட்டரில் 36 சென்டிமீட்டர் இலக்கு கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அதே அளவு தெரிய 60 மீட்டரில் 77 சென்டிமீட்டர் இருந்தால் போதும். வைத்திருப்பதோ ஒரு மீட்டர். அதாவது கண்ணுக்கு என்தெகி இலக்கு பெரியது! இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. அம்பு பறக்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆவதால், புவியீர்ப்பில் அது கீழே இறங்கும் அளவு கிட்டத்தட்ட நான்கரை மடங்கு. அதனால் மேலே தூக்கிக் குறிவைக்க வேண்டும். கையை மட்டும் தூக்கினால் தோள் வரிசை கெட்டுவிடும். இடுப்பிலிருந்து மேலுடம்பு முழுவதையும் ஒரே கட்டாகச் சாய்க்க வேண்டும். மெல்லிய வில் வைத்திருப்பவர் இன்னும் கூடுதலாகச் சாய வேண்டும். காற்றும் சேர்ந்துகொள்ளும். அம்பு ஏறி, ஒரு கணம் தயங்கி, அப்புறம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 28 மீட்டரில் அந்த அவகாசமே கிடையாது.

தைத்தால் மட்டும் போதாது, எங்கே தைத்தது என்பதும் பேசும். என் நண்பர் போன்றவர்களுக்கு இது மனதுக்கு ஒத்துவரும். விளிம்பில் தைத்த அம்பு 3 என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

செலவு: என்தெகிக்குத் தனி அம்பு வேண்டும். எடை குறைந்தது, இறகு தாழ்ந்தது. இடம்தான் பெரிய தலைவலி. 28 மீட்டர் தோஜோ பல ஊர்களில் உண்டு. 60 மீட்டர் நீளம் உள்ள இடம் கொஞ்சம்தான். பெரும்பாலும் வெயில் காலத்தில், திறந்தவெளியில் நடக்கும். தனி விளையாட்டாக இதை மட்டும் கற்கவும் முடியாது. 28 மீட்டரில் ஓரளவு நிலைத்தவரைத்தான் 60-க்கு விடுவார்கள். இரண்டாவது மூன்றாவது வருடத்தில் எடுத்துக்கொள்ளும் வழி இது.

சன்ஜூசன்கென்தோவில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் விழாவும் 60 மீட்டர்தான், பழைய தாழ்வாரத்தின் பாதித் தூரம். புதிதாக 20 வயதானவர்கள், பெண்கள் நீண்ட கை கிமோனோவில், வரிசையாக நின்று எய்வதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நீளக் கையைக் கயிற்றால் கட்டி ஒதுக்காவிட்டால் நாண் அடித்துவிடும்.

## நிற்கும் விதத்துக்கு மதிப்பெண்: தரத்தேர்வும் நடுவர் போட்டியும்

இதைப் போட்டி என்று சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சொல்லலாம் என்பது என் கட்சி. ஆண்களுக்கான பேரரசர் கோப்பை, பெண்களுக்கான பேரரசி கோப்பை இரண்டிலும் எய்யும் விதத்துக்கு நடுவர்கள் மதிப்பெண் போடும் கட்டம் உண்டு. அங்கே போக முதலில் தரம் ஏற வேண்டும். 1949-இல் தொடங்கிய அகில ஜப்பான் கியூடோ கூட்டமைப்பு நடத்தும் தேர்வுகள்தான் அந்த ஏணி. முதலில் 'கியூ' எனும் தொடக்கத் தரங்கள், பிறகு 'டான்' எனும் மேல் தரங்கள், பிறகு ரென்ஷி, கியோஷி, ஹன்ஷி என்ற பட்டங்கள்.

தேர்வில் இரண்டே அம்பு. உள்ளே நுழைந்து வணங்குவதிலிருந்து வெளியேறும் கடைசி அடி வரை பார்ப்பார்கள். தொடக்கத் தரங்களில் இரண்டும் தப்பினாலும் தேறலாம். மேலே போகப் போக, நன்றாகவும் நிற்க வேண்டும், தைக்கவும் வேண்டும். இரண்டு அம்பையும் நடுவில் தைத்துவிட்டுத் தோற்றுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! ஏன் தோற்றோம் என்று யாரும் விளக்கிச் சொல்லவும் மாட்டார்கள்.

இதற்கான மறைவிலை காசாகவே வரும். தேர்வுக்கு ஒரு கட்டணம், தேறினால் பதிவுக்கு ஒரு கட்டணம், மேல் தரங்களுக்குக் கிமோனோ, தேர்வு நடக்கும் ஊருக்கு ரயில், தங்கும் செலவு. எழுத்துத் தேர்வும் உண்டு. ஜப்பானிய மொழி தடுமாறுகிறவர் அதற்குத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இருந்தாலும் ஹயாகேவிலிருந்து என்னை மீட்டது இந்தப் பக்கம்தான். தேர்வுக்குத் தயாரானபோது தைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. காயில் நின்றேனா என்று மட்டும் கேட்டார்கள். எண்ணுவது மாறியதும் கை மெல்ல மெல்ல அடங்கியது. அதனால் வெறும் போட்டிக்காக வருகிறவரிடமும் தரத்தேர்வை முழுதாக ஒதுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

## ஒலிம்பிக் வில்: ஆச்செரி

குறிபார்க்கும் கருவி, அதிர்வு தாங்கும் தண்டுகள், அம்புக்குத் தாங்கி, இழுத்த அளவைச் சொல்லும் 'கிளிக்கர்' எல்லாம் உண்டு. கியூடோவில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. வில்லில் குறிக்கென்று ஒரு கோடு போட்டால்கூட அனுமதி இல்லை. ஒலிம்பிக் தூரம் 70 மீட்டர், இலக்கு 122 சென்டிமீட்டர், நடுவிலுள்ள 10 புள்ளி வளையம் 12.2 சென்டிமீட்டர். அதை 28 மீட்டருக்குச் சுருக்கினால் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒரு எலுமிச்சம்பழ அளவு. தகுதிச் சுற்றில் 72 அம்புகள். ஒவ்வொரு அம்புக்கும் எண் விழும். மழுப்பவே முடியாது.

நீண்ட காலம் ஓடக்கூடிய விளையாட்டு என்பதற்கு ஜப்பானிலேயே நல்ல உதாரணம் உண்டு. யமமோதோ ஹிரோஷி 1984 லாஸ் ஏஞ்சலிஸில் வெண்கலம் வாங்கினார். அடுத்த தனிநபர் பதக்கம் 2004 ஏதென்ஸில், வெள்ளி. நடுவில் 20 வருடம். அப்போது அவருக்கு வயது 41. ஃபுருகாவா தகஹாரு 2012 லண்டனில் வெள்ளியும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார்.

இடதுகைக்காரர்கள் இந்தப் பத்தியைக் கவனியுங்கள். கியூடோவில் எல்லோரும் இடது கையில் வில், வலது கையில் நாண். கைப்பழக்கம் எதுவானாலும் இதில் மாற்றம் கிடையாது. ஆச்செரியில் இடதுகைக்காரருக்குத் தனி வில்லே கிடைக்கும். எனக்குத் தெரிந்த இடதுகைக்காரர் ஒருவர் ஒரு வருடம் கியூடோவில் போராடிவிட்டு அங்கே போய்விட்டார். இன்னொருவர் "ரெண்டு கையும் சமமாயிடுச்சு" என்று சந்தோஷமாகக் கியூடோவிலேயே இருக்கிறார். ஆளைப் பொறுத்தது.

செலவு அதிகம். முழுத் தொகுப்பு எளிதில் ஒன்றரை லட்சம் யென்னைத் தாண்டும். அதோடு நிற்காது, திருகாணி திருகித் திருகி வில்லைச் சரிசெய்யும் ஆசை ஒன்று பிடித்துக்கொள்ளும். தவறு என்னுடையதா கருவியுடையதா என்ற சந்தேகம் ஓயாது. கியூடோவில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை, தவறு எப்போதும் நம்முடையதுதான்.

ஆனால் ஜப்பானை விட்டுப் போனால் கையோடு கொண்டுபோகலாம். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ தொடரலாம், விதிகள் ஒன்றே. கியூடோ வில் 221 சென்டிமீட்டர். கழற்ற முடியாது. மூன்று துண்டாகப் பிரியும் வில்லும் செய்கிறார்கள்தான், ஆனால் போகிற ஊரில் தோஜோவும் சொல்லிக்கொடுப்பவரும் இருக்க வேண்டுமே. சர்வதேசக் கியூடோ கூட்டமைப்பு 2006-இல் உருவாகி, 2010-இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. 2014-இல் பாரிஸ், 2018-இல் மறுபடி டோக்கியோ. ஐரோப்பாவுக்குப் போகிறவருக்கு வாய்ப்பு அதிகம், நம் பக்கம் போகிறவருக்குக் குறைவு.

## ஒரே பார்வையில்

| | கின்தெகி | என்தெகி | தரத்தேர்வு, நடுவர் போட்டி | ஆச்செரி |
|---|---|---|---|---|
| தூரம் | 28 மீ | 60 மீ | பெரும்பாலும் 28 மீ | ஒலிம்பிக்கில் 70 மீ |
| இலக்கு | 36 செ.மீ | 100 செ.மீ | 36 செ.மீ | 122 செ.மீ |
| எண்ணுவது | தைத்ததா இல்லையா | எண்ணிக்கை அல்லது 10-9-7-5-3 | நிலை, நடை, விடுதல், மேலே போனால் தைத்ததும் | ஒவ்வொரு அம்புக்கும் 10 வரை |
| முதல் போட்டி | ஒன்றரை வருடம் | இரண்டு, மூன்று வருடம் | முதல் தரத்துக்கு ஒரு வருடம், கோப்பைக்குப் பல வருடம் | சில மாதங்கள் |
| மறைவிலை | ஹயாகே, தோஜோ வேலை | தனி அம்பு, இடம் கிடைக்காமை | கட்டணம், உடை, பயணம், காரணம் தெரியாத் தோல்வி | கருவிச் செலவு, கருவிப் பைத்தியம் |
| இடதுகை | வசதி இல்லை | வசதி இல்லை | வசதி இல்லை | உண்டு |
| ஊர் திரும்பினால் | கடினம் | மிகக் கடினம் | தரம் கூடவே வரும், பயிற்சி வராது | எளிது |

கால அளவெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை போகிற, வேலை பார்க்கிற ஆளை மனதில் வைத்துச் சொன்னவை. பள்ளிக் கிளப் பிள்ளைகள் தினமும் எய்கிறார்கள், அவர்கள் கணக்கே வேறு.

## வில், அம்பு, கையுறை

கியூடோ என்று முடிவானால் அடுத்த குழப்பம் இது. போட்டிக்கு என்றால் கண்ணாடி இழை வில் போதும், சுமார் 30,000 முதல் 50,000 யென். கார்பன் சேர்த்தது அதைவிடக் கூடுதல். மூங்கில் வில் அழகுதான். தெற்கே மியாசாகி மாநிலத்தின் மியாகோனோஜோ ஊர்தான் அதற்குப் பேர்போனது. விடும்போது கைக்குள் அது தரும் மென்மை வேறு எதிலும் வராது. ஆனால் ஈரப்பதம் மாறினால் வடிவம் மாறும், ஓய்வு கொடுக்க வேண்டும், ஒரு லட்சம் யென்னுக்கு மேல் போகும். முதல் ஐந்து வருடம் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். அம்புக்கு அலுமினியக் குழாய் போதும். நீளத்தை மட்டும் கழுத்தின் நடுவிலிருந்து நீட்டிய இடது கை விரல்நுனி வரை அளந்து, அதற்கு மேல் ஐந்து பத்து சென்டிமீட்டர் சேர்த்து வாங்குங்கள். குட்டை அம்பை இழுத்தால் அது வில்லுக்குள் வந்து கையைக் கிழித்துவிடும்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் கையுறை, யுகாகே. மான்தோலில் செய்தது, சுமார் 30,000 யென்னிலிருந்து. அது நாளடைவில் உங்கள் கைக்கே பழகிவிடும், இன்னொருவர் மாட்டினால் ஒத்துவராது. ஜப்பானிய மொழியில் ஈடு இல்லாதது என்பதற்குச் சொல்லும் 'ககேகயே நோ நாய்' என்ற சொற்றொடரே இதிலிருந்துதான் வந்தது என்று தோஜோவில் கதை சொல்வார்கள். வியர்வை பட்டால் கெட்டுப்போகும். உள்ளே பருத்தி உறையை மாற்றிக்கொண்டே இருங்கள். வில்லையும் அம்பையும் முதல் வருடம் தோஜோவில் இரவல் வாங்கலாம், இதை இரவல் வாங்குவது சரிப்படாது.

## யாருக்கு எது

இரண்டு வருடத்துக்குள் ஜப்பானை விட்டுக் கிளம்பப் போகிறீர்கள், போட்டிதான் குறி என்றால் ஆச்செரி. தயங்கவே வேண்டாம். ஒவ்வொரு அம்புக்கும் ஓர் எண் இல்லாமல் நிம்மதி வராது என்கிறவரும் அங்கேயே போகலாம்.

ஐந்து வருடமாவது இங்கே இருப்பீர்கள், நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் தோஜோ இருக்கிறது என்றால் கின்தெகி. குழுவாக ஜெயித்துத் தோற்கும் சுகம் தேடுகிறவருக்கும் இதுதான். என்தெகியைத் தனி வழியாக எண்ண வேண்டாம், மூன்றாவது வருடத்தில் கிடைக்கும் கோடை விடுமுறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உயரமும் தோள்பலமும் உள்ளவர் அங்கே சட்டென்று மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

தோற்றால் இரண்டு நாள் தூக்கம் வராத சுபாவம் உள்ளவரா? முதல் இரண்டு வருடம் தரத்தேர்வை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஐம்பது வயதைத் தாண்டித் தொடங்குகிறவருக்கும் இதையே சொல்வேன். எழுபது வயதுக்காரர்கள் என்னைவிட நேராக நின்று எய்கிறார்கள்.

கேள்வி கேட்ட நண்பர் கடைசியில் ஆச்செரியில்தான் சேர்ந்தார். நடுவில் தைத்தால் 10 வேண்டுமாம். போன மாதம் பார்த்தபோது குறிபார்க்கும் கருவியை அரை மில்லிமீட்டர் நகர்த்தலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் வீட்டுக்கு வந்து யுகாகேவின் உள்ளுறையைத் துவைத்துப் போட்டேன்.

சேருவது எப்படி என்கிறீர்களா? நகராட்சி விளையாட்டு மையங்களில் தொடக்கநிலை வகுப்பு நடத்துவார்கள், பல இடங்களில் வசந்த காலத்தில். இடம் குறைவு என்பதால் குலுக்கல் இருக்கும். கியூடோ வகுப்பு, ஆச்செரி வகுப்பு இரண்டுக்கும் சேர்த்தே பெயர் கொடுத்து வையுங்கள்.